பொடி டப்பித் துப்பாக்கிக்குத் தோட்டா தேடியது

அத்தான் கேட்டது ஒரே கேள்விதான். "மாப்ள, ரெண்டு துப்பாக்கிக்கும் எந்தத் தோட்டா வாங்கணும்? அத மட்டும் பாத்துச் சொல்லு." ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தில் முடிகிற சோலி என்று நினைத்துத் தலையாட்டினேன். நான்கு மாதம் இழுத்துவிட்டது.

அத்தானின் அப்பா, என் மாமா, போன வருஷம் ஆடியில் தவறினார். அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, வாசலில் நின்றால் மலை நேரே தெரிகிற ஊர். வயல், வாழை, மேட்டில் கொஞ்சம் மரச்சீனி. மரச்சீனி போட்டவன் வீட்டில் பன்றிக் கதை இல்லாமல் இருக்காது. களக்காடு, முண்டந்துறை இரண்டையும் சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகம் ஆக்கியது எங்களுக்குப் பக்கத்துக் காடுதான். பன்றியை நினைத்த மாத்திரத்தில் சுட்டுவிட முடியாது, அதற்கு வனத்துறை அனுமதி என்று தனிக் கதை இருக்கிறது. மாமாவின் துப்பாக்கிக்கு வேலை பெரும்பாலும் சத்தம் போடுவதுதான். தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்குப் போகும், முடிந்தால் திரும்பி வரும். இரண்டு கட்டையிலும் பழைய சீட்டு ஒட்டிய பசைத் தடம் இன்னும் இருக்கிறது.

லைசென்ஸ் புத்தகத்தில் இரண்டே வரி. ஒன்று டி.பி.பி.எல்., மற்றது எஸ்.பி.பி.எல். இரட்டைக்குழல், ஒற்றைக்குழல், இரண்டும் வாய்ப்பக்கம் மருந்து இடிக்காமல் பின்பக்கம் தோட்டா போடுகிற வகை. இரண்டு வரியின் முடிவிலும் குழலின் அளவு, 12 போர். (பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்த என் மகள் "பன்னிரண்டு சண்டையா?" என்று கேட்டாள்.) 2019 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பேரில் இரண்டுதான் இருக்கலாம், அதனால் அந்த வகையில் சிக்கல் இல்லை. வாரிசு பேருக்கு லைசென்ஸ் மாறி வரும்வரை வீட்டில் வைத்திருக்க முடியாது என்பதால் இரண்டையும் டவுனில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருந்தார் அத்தான்.

அத்தான் என்னிடம் வந்ததற்குக் காரணம், பேட்டையில் எனக்கு டீசல் பம்ப் பட்டறை. துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நூறில் ஒரு மில்லிமீட்டரை நம்பிப் பிழைப்பவன். துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டுபோக வழியில்லை, அதனால் பட்டறை துப்பாக்கியிடம் போனது. வெர்னியர், மைக்ரோமீட்டர், பில்லர் கேஜ், போர் கேஜ் எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, அத்தானைப் பின்னால் உட்கார வைத்து வண்டியை எடுத்தேன்.

கடையின் பின்கட்டில் ரிப்பேர் பார்க்கிற பெரியவர் ஒருவர் உண்டு. எழுபதைத் தாண்டியவர், மேலப்பாளையத்துக்காரர், எல்லாருக்கும் பாய். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் இரட்டைக்குழலை ஒரு பக்கமாக வைத்துவிட்டு ஒற்றைக்குழலை மடியில் போட்டுக்கொண்டார். சுத்தியல் போல அடிக்கிற குதிரையைப் பாதிக்கு இழுத்து, குழலின் பின்முனையில் இருந்த சதுர இரும்பு மூடியைப் பெருவிரலால் நெம்பினார். கீலில் சுழன்று பக்கவாட்டில் திறந்தது.

"வீட்ல இத என்ன சொல்வீங்க?"

"பொடி டப்பித் துப்பாக்கி" என்றார் அத்தான். மாமா பட்டணம் பொடி போடுவார், அதனால் வந்த பெயர் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பாய் சிரித்தார். "வெள்ளக்காரனும் இதத்தான் சொல்லியிருக்கான் தம்பி."

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடியதில் புரிந்தது. பிரெஞ்சில் தபாத்தியேர் என்றால் மூக்குப்பொடி டப்பி. 1866-ல் பிரஷ்யாக்காரன் பின்பக்கம் தோட்டா போடும் ஊசித் துப்பாக்கியை வைத்து ஆஸ்திரியாவை அடித்து நொறுக்கியதும் ஐரோப்பா முழுக்கப் பதற்றம். பிரான்ஸ் ஷாஸ்போ என்ற புதுத் துப்பாக்கியைச் செய்ய ஆரம்பித்தது. அது எல்லாருக்கும் போய்ச் சேரும் வரை சும்மா இருக்க முடியாதே. கையில் லட்சக்கணக்கில் கிடந்த, வாய்ப்பக்கம் மருந்து இடிக்கும் பழைய துப்பாக்கிகளின் பின்முனையை வெட்டி, இப்படி ஒரு மூடியை வைத்து 1867-ல் களத்துக்கு விட்டார்கள். பிரிட்டிஷார் தங்கள் என்ஃபீல்டுக்கு இதே வேலையைச் செய்ததுதான் ஸ்னைடர். 1870-71 யுத்தத்தில் பிரான்ஸ் தோற்றபிறகு இந்த டப்பித் துப்பாக்கிகள் கழிவு விலைக்குப் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துப் பட்டறைகளுக்குப் போயின. அங்கே குழலுக்குள் குண்டைச் சுழற்ற வெட்டியிருந்த வரியைக் கடைந்து வழவழப்பாக்கி, 12 போர் தோட்டா உட்காரப் பின்முனையைக் குடைந்து, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று விற்றார்கள். வியாபாரப் பெயர் ஜூலு. இதில் ஒன்று எந்தத் துறைமுகத்தில் இறங்கி எந்தக் கையால் எங்கள் மாமாவின் அப்பாவிடம் வந்ததோ, வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் பூதக்கண்ணாடியோடு போனோம். குழலின் அடியில், கட்டையைக் கழற்றினால் மட்டும் தெரிகிற இடத்தில், நீள்வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்தும் கீழே ஒரு நட்சத்திரமும். லியேஜ் சோதனைச்சாலை முத்திரை. 1893-லிருந்து அந்த நீள்வட்டத்தின் மேல் ஒரு கிரீடமும் சேர்த்து அடித்தார்கள். இதில் கிரீடம் இல்லை. அப்படியானால் அதற்கு முன் சோதித்தது, அந்தக் காலத்துப் புகை கக்கும் கருமருந்துக்குச் சோதித்தது. இன்றைய தோட்டாவில் இருக்கிற புகையில்லா மருந்துக்குச் சோதித்திருந்தால் சிங்கமும் பி.வி. என்ற எழுத்தும் இருந்திருக்கும். அதைத் தேடிக் குழலைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை.

கேள்விக்குப் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அத்தானுக்கு அப்படித் தோன்றவில்லை. "மிலிட்டரிக்குச் செஞ்சது மாப்ள. சாதாரணத் துப்பாக்கிய விட ஸ்ட்ராங்காத்தான இருக்கும்?" அதோடு கடைக்காரரிடம் ஒரு சுட்ட காலித் தோட்டாவை வாங்கி உள்ளே நுழைத்தும் காட்டினார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. மூடியும் மூடியது. "பாத்தியா?"

இந்த "பாத்தியா"வுக்குப் பதில் சொல்லத்தான் மூன்று மாதம் ஆனது.

12 போர் என்பது வலுவைச் சொல்வதே இல்லை. குழலின் விட்டத்துக்குச் சரியாக ஈயக் குண்டு வார்த்தால், பன்னிரண்டு குண்டு ஒரு பவுண்டு எடை. அவ்வளவுதான். ஒரு குண்டு ஏறக்குறைய 38 கிராம், விட்டம் 18.5 மி.மீ. பட்டாளத் துப்பாக்கிகளிலும் பெயர் இப்படித்தான் ஏமாற்றும். ஜெர்மன் பட்டாளத்துத் தோட்டாவுக்கு 8 மி.மீ. மவுசர் என்று ஒரே பெயர். 1888-ல் வந்ததற்கு ஏறக்குறைய 8.08 மி.மீ. குண்டு, 1905-ல் மாற்றியதற்கு 8.20. புதியது பழைய குழலில் உட்கார்ந்துகொள்ளும், விசையை இழுத்தபிறகுதான் வித்தியாசம் தெரியும். நம்மூரில் 8 மி.மீ. என்றால் இன்னொன்று: பட்டாளத்து .303 ரைஃபிள் சாதாரண ஆளுக்குக் கிடையாது என்பதால் வந்த .315 ரைஃபிளின் தோட்டா. அது ஆஸ்திரியாக்காரனின் பழைய மான்லிக்கர் வகை, மேலே சொன்ன இரண்டோடும் சேராது.

சரி, அளவுக்கு வருகிறேன்.

குழலின் பின்முனையிலிருந்து ஒன்பது அங்குலம் உள்ளே போர் கேஜை விட்டேன். பழைய சோதனைச்சாலைக்காரர்கள் அளந்ததும் அங்கேதான். 18.1 வந்தது. 12 போருக்கு 18.5 இருக்க வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்துக் குழல் 17.8, கடைந்தபோது கொஞ்சம் தின்றிருக்கிறது, முழுதாகத் தின்னவில்லை. பின்முனை மட்டும் 12 போருக்குக் குடைந்திருக்கிறது. ஆக, 12 போர் தோட்டாவிலிருந்து வெளியே வரும் ரவையும் (சிறு ஈயக் குண்டுகள்) அடைப்பும் தன்னைவிடக் குறுகிய குழலுக்குள் நெருக்கிக்கொண்டு போகும்.

தோட்டா உட்காரும் அறையின் நீளத்தை வெர்னியரால் நம்பி எடுக்க முடியாது. பாய் ஒரு வழி சொன்னார். நாட்டு மருந்துக்கடையில் கந்தகம், கொஞ்சம் கற்பூரம், அடுப்புக் கரியை விட மெல்லிய விளக்குக் கரி. குழலுக்குள் துணி அடைத்து, மூன்றையும் மெதுவாக உருக்கி ஊற்றினால் அறையின் அச்சு அப்படியே வந்துவிடும். நான் பட்டறைக்காரன், எனக்கா தெரியாது என்று முதல் தடவை அடுப்பைத் தூக்கி வைத்தேன். கந்தகம் தேன் நிறத்தில் தண்ணீர் போல இருக்கும்போது ஊற்ற வேண்டும். சூடு ஏறினால் கறுத்து, பதநீர் முற்றிக் கருப்பட்டிப் பாகாகிற மாதிரி கெட்டியாகிவிடும். கெட்டியானதை ஊற்றினேன், பாதியில் நின்றுகொண்டது. கடை முழுக்க நெடி. வாடிக்கையாளர் ஒருவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். பாய் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்தார். அதைத் துண்டு துண்டாகக் குத்தி எடுக்கவே ஒரு மணி நேரம்.

இரண்டாவது தடவை பாய் ஊற்றினார். ஆறியதும் முன்பக்கமிருந்து தடியால் ஒரு தட்டு. கறுப்பாக, வழவழவென்று, கோலி சோடா மூடி போல ஒரு அச்சு உள்ளங்கையில் விழுந்தது. (அச்சு எடுத்த கையோடு குழலை நன்றாகத் துடைத்து எண்ணெய் விட வேண்டும், கந்தகம் இரும்பைத் தின்னும்.)

அந்த அச்சில் இரண்டு விஷயம் தெரிந்தது. அறையின் நீளம் 63 மி.மீ. மட்டுமே. அறை முடிகிற இடத்தில், குழலுக்குள் இறங்கச் சரிவு இருக்க வேண்டும், புனல் மாதிரி. இதில் சரிவே இல்லை. படிக்கட்டு மாதிரி ஒரு விளிம்பு.

அத்தான் நுழைத்துக் காட்டிய காலித் தோட்டாவை வாங்கி வெர்னியரில் பிடித்தேன். 70. "பின்ன எப்படி உள்ள போச்சு?" என்றார். காலித் தோட்டாவின் வாய் பிளாஸ்டிக், விளிம்பில் கொஞ்சம் நெளிந்து குழலுக்குள் ஏறியிருக்கிறது. இதைவிட மோசம் புதுத் தோட்டா. அதன் வாயை மடித்து மூடியிருப்பார்கள், அதனால் வெடிக்காத 70 மி.மீ. தோட்டா 58 அளவுக்குத்தான் இருக்கும். 63 அறைக்குள் ஜோராகப் போய் உட்காரும், இன்னும் இடம் மிச்சமும் இருக்கும். வெடிக்கும்போது மடிப்பு விரிந்து 70 ஆகிறது. ஏழு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் அந்தப் படிக்கட்டைத் தாண்டிக் குழலுக்குள் நீட்டிக்கொள்ளும், ரவை அதற்குள் பிதுங்கிக்கொண்டு வர வேண்டும். அழுத்தம் எகிறாமல் என்ன செய்யும்? பெட்டியில் அச்சடித்திருக்கும் நீளம் வெடித்தபிறகு இருக்கும் நீளம் என்பது கடைக்கு வருகிற பாதிப் பேருக்குத் தெரியாது என்றார் பாய். எனக்கும் தெரியாது.

மூடிப் பக்கம் வந்தோம். தோட்டாவின் அடி விளிம்பு உட்கார ஒரு பள்ளம் உண்டு. விளிம்பின் கனம் 1.8 மி.மீ. பக்கம். தோட்டாவைப் போட்டு மூடியை மூடி, மூடிக்கும் அடிக்கும் நடுவில் பில்லர் கேஜ் தகட்டைச் சொருகினேன். வால்வு இடைவெளி பார்க்கிற அதே கை. 0.20 போனது, 0.30 போனது, 0.45-ம் லேசான பிடிப்போடு போனது. தேய்ந்த இடைவெளி. வெடிக்கும்போது தோட்டாவின் அடிக்குப் பின்னால் முட்டுக் கொடுக்க ஆள் இல்லை என்று பொருள்.

அடுத்தது தற்செயலாகக் கண்டது. மூடியைத் திறந்து தோட்டாவை எடுத்தபோது, அதன் நடுவில், ஏற்கனவே சுட்ட குழிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு புள்ளி. குதிரையை நான் தொடவே இல்லை. பாய் என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி மூடியின் உட்பக்கத்தைத் தடவினார். அடிக்கும் ஊசி முன்னால் நீட்டியபடி சிக்கியிருந்தது. அதைப் பின்னுக்கு இழுக்கும் சுருள்வில் துருவேறி உடைந்து பொடியாகக் கிடந்தது. உயிருள்ள தோட்டாவைப் போட்டு மூடியை ஓங்கித் தட்டியிருந்தால், மூடுகிற கை மூடியின் மேல் இருக்கும்போதே வெடித்திருக்கும். அத்தான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

வில்லை மாற்றலாம், ஊசியைப் புதிதாகக் கடையலாம். பாய்க்கு அது அரை நாள் வேலை. அத்தானும் அதைப் பிடித்துக்கொண்டார். "அத மாத்திட்டா?"

நான் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். இந்த இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் நீட்டி முழக்கிப் பேசினேன், அது என் தொழில் பாஷை. கருமருந்துத் தோட்டா 12 போரில் எழுப்புகிற அழுத்தம் சுமாராக 350-லிருந்து 400 பார். இன்றைய சாதாரண 12 போர் தோட்டாவுக்கு ஐரோப்பிய வரம்பு 740 பார். நம் டீசல் நாசில் 200-ல் திறக்கும், டயர் கடைக் கம்ப்ரஸர் பத்தில் நிற்கும், அந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டாவின் உட்பரப்பு ஏறக்குறைய 2.7 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால், கருமருந்தில் மூடியின் மேல் விழும் அடி ஒரு டன் சொச்சம். இன்றைய தோட்டாவில் இரண்டு டன். பின்னால் தள்ளும் அந்த அடியைத் தாங்குவது, மூடி உட்காருகிற இரும்புப் பெட்டியின் பின்சுவர். அது கனமான இரும்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூடி மேல்பக்கம் திறந்துகொள்ளாமல் பிடிப்பது ஒரு சிறிய வில் கொக்கி, பீரோக் கதவில் இருக்குமே அது மாதிரி. தோட்டாவின் அடி கிழிந்து வாயு உள்ளே புகுந்தால் அதற்கு முன் அந்தக் கொக்கி எம்மாத்திரம்? இதே நோய் ஸ்னைடருக்கும் இருந்ததால்தான் பிரிட்டிஷார் 1869-ல் மூன்றாம் வகையில் மூடிக்குத் தனிப் பூட்டு வைத்தார்கள். எங்கள் பொடி டப்பிக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

இன்னொன்று, உச்ச அழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. புகையில்லா மருந்து குழலின் நடுப்பகுதி வரை அழுத்தத்தை விடாமல் பிடித்துத் தள்ளிக்கொண்டு வரும். கருமருந்துக் காலத்துக் குழல்கள் அங்கே மெலிந்திருக்கும். வெளிநாட்டுத் தோட்டாப் பெட்டி சிலவற்றில் "3 டிராம்" (டிராம் பழைய எடை அளவு) என்று போட்டிருப்பதைப் பார்த்து, பழைய 3 டிராம் கருமருந்துக்குச் சமம் என்று நினைத்துவிடக் கூடாது. அது வேகத்துக்குச் சொன்ன சமம். அழுத்தத்தைப் பற்றி அந்த எண் வாயே திறக்காது.

இதெல்லாம் சொல்லியும் அத்தான் முகத்தில் அரை மனசுதான். அவர் அப்பா வைத்திருந்தது. அப்பா சுட்டிருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. இதற்கு என் காகிதத்தில் பதில் இல்லை.

பதில் ஊரில் இருந்தது. கார்த்திகைக்குப் போனபோது அத்தை மச்சிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கிக் கொடுத்தாள். மாமாவின் துப்பாக்கிச் சாமான் எல்லாம் அதில்தான் இருக்கும், தோட்டா ஏதும் கிடந்தால் கடையில் ஒப்படைத்துவிடலாம் என்று திறந்தோம். உயிருள்ளது எதுவும் இல்லை. பதினொரு பித்தளைத் தோட்டாக் கூடு, வட்டமாக வெட்டிய அட்டை அடைப்புகள், கரியேறிய ஒரு மர இடிகட்டை. கருமருந்து காலத்துச் சமாச்சாரம். அடியில் துணியில் சுற்றி, இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் கூடு. வெடித்தது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டின் பித்தளை அடியும் ஒரு பக்கமாக உப்பியிருந்தது, தட்டாமாலை சுற்றின பானை வாய் மாதிரி. ஒன்றில் விளிம்பிலிருந்து மேலே விரல் நகம் அளவுக்குக் கிழிசல். நடுவில் ஊசி பட்ட இடம் ஓட்டையாகி, சுற்றிலும் கறுத்திருந்தது. பக்கவாட்டில் அழிந்தும் அழியாமலும் 70. அந்த ஓட்டை வழியாக வந்த வாயு ஊசித் துவாரத்தில் நுழைந்து பின்னால்தான் வந்திருக்கும். பின்னால் என்றால் சுடுகிறவன் முகம்.

"இது எப்ப சுட்டாவ அத்தை?"

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தாள். "அந்தப் பெரிய வெள்ளம் வந்துச்சே, அதுக்கு முந்தி. ராத்திரி சுட்டுட்டு வந்து கைய உதறிக்கிட்டே இருந்தாவ. என்னன்னு கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னுட்டாவ. அதுக்கப்புறம் அதத் தொடல."

மாமாவின் வலது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, பச்சை குத்தியது போல நாலைந்து நீலப் புள்ளி இருந்தது. சின்ன வயதில் கேட்டால் தீபாவளி வேட்டு என்பார். இரண்டு பிளாஸ்டிக் கூட்டுக்கும் அந்தப் புள்ளிக்கும் சம்பந்தம் இல்லை, புள்ளி நான் பிறப்பதற்கு முந்தியது. அப்படித் தோலுக்குள் பதிவது எரியாத கருமருந்துத் துகள். பித்தளைத் தோட்டா காலத்திலேயே அந்த மூடி கசிந்திருக்கிறது. அத்தான் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் ஒற்றைக்குழலைப் பற்றிய பேச்சு முடிந்தது.

முடிந்தது என்றாலும் வழி இருக்கிறதா என்று பாயிடம் ஒரு தடவை கேட்டுவிட்டோம், மனசு கேட்கவில்லை. பழைய துப்பாக்கிக்கென்றே அழுத்தம் குறைத்த, நீளம் குறைந்த தோட்டா இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்கிறார்கள். ஆனால் அவை நல்ல நிலையில் இருக்கிற, மூடி சரியாகப் பூட்டுகிற துப்பாக்கிக்கு. 0.45 இடைவெளிக்கும் பீரோக் கொக்கிக்கும் எந்தத் தோட்டாவும் மருந்தில்லை. அறைக்குள் சிறிய குழாய் ஒன்றைச் சொருகிச் சின்னத் தோட்டா போடுகிற ஏற்பாடும் உண்டு, அதற்கும் அதே மூடிதான் முட்டு. பித்தளைக் கூட்டில் கருமருந்து அடைக்கலாமா என்று அத்தான் இழுத்தார். வீட்டில் உட்கார்ந்து தோட்டா செய்வதற்கு இந்த லைசென்ஸ் இடம் கொடுக்காது என்று கடைக்காரரே நடுவில் புகுந்து நிறுத்திவிட்டார். நல்லது.

ஊசியைப் பாய் கழற்றித் தனிக் கவரில் போட்டு, விசைக் காப்பில் ஒரு அட்டையைக் கட்டினார். அதனால் அது துப்பாக்கி இல்லை என்று ஆகிவிடாது. ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்குத்தான் சட்டம் விலக்கு தருகிறது, ஊசி மாட்டினால் வெடிக்கிற பொருள் லைசென்ஸ் வரியில் இருந்துதான் ஆக வேண்டும். நூறு வருஷம் ஆனால் எல்லாம் அலங்காரப் பொருள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு, அதை நம்பிச் சுவரில் மாட்டி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இரட்டைக்குழலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, ஏனென்றால் அது தன்னைப் பற்றி எல்லாவற்றையும் தன் மேலேயே எழுதி வைத்திருந்தது. பர்மிங்ஹாம் முத்திரைகள். கிரீடத்தின் கீழ் என்.பி., அதாவது புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. பக்கத்தில் 1⅛ அவுன்ஸ், அதாவது 32 கிராம் ரவை வரை. வைரக் கட்டத்துக்குள் 12, அதன் கீழ் சி. மூன்று அங்குலத்துக்குக் குறைந்த அறை. எவ்வளவு குறைந்தது என்று கந்தக அச்சு சொன்னது: 65, ஒழுங்கான புனல் சரிவோடு. குழல் இரண்டும் கீலில் ஆடவில்லை, உள்ளே துருக்குழி இல்லை. பில்லர் கேஜில் 0.05 தகடு போகவே அடம் பிடித்தது.

ஆக இதற்கு 65 மி.மீ., ரவை 32 கிராமுக்கு மேல் போகாமல். கடையில் அன்றைக்கு இருந்தது 70 மட்டும். "ரெண்டுக்கும் அஞ்சு மில்லிதான வித்தியாசம், எல்லாரும் இததான் போடுதாவ" என்றார் கடையில் நின்ற ஒருவர். அத்தான் அவருக்குத் தன் பைக்குள் இருந்த சிவப்புக் கூட்டைக் காட்டிப் பதில் சொன்னார். அதை எப்போது பையில் போட்டுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. இடது குழல் வாய்ப்பக்கம் குறுகியது என்பதால் ஒற்றைக் குண்டுத் தோட்டா வேண்டாம் என்றும், சத்தத்துக்கு எல்.ஜி., எஸ்.ஜி. மாதிரிப் பெரிய ரவையும் தேவையில்லை, பொடி ரவை போதும் என்றும் பாய் சொன்னார். 65-க்குச் சொல்லி வைத்துவிட்டு வந்தோம்.

லைசென்ஸ் மாறி வந்ததும் பெட்டியும் வந்துசேர்ந்தது. கடைக்காரர் எண்ணிக்கையைப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்து போட்டார். அத்தான் பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்து, என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். வெர்னியரைக் கொடுத்தேன். மேஜை விளக்குக்கு அடியில் குனிந்து, தாடையை நகர்த்தி, இரண்டு தடவை பார்த்தார்.

"அம்பத்துநாலு காட்டுது மாப்ள. வெடிச்சா அறுவத்தஞ்சு. சரிதான?"

பாய் ஊதாமலேயே பீடியை அணைத்துவிட்டு, "அடுத்ததையும் பாத்துருங்க" என்றார்.